களர்பட்ட நிலமும் கல் மருந்தும்

சென்னைத் தியாகராய நகர்க் கடைத்தெருவில் ஒருவர் தோற்காலணி வாங்குகின்றார் என்று கொள்க. அவர் கொடுக்கும் விலையில் தோலின் விலை அடங்கும். தொழிலாளர் கூலி அடங்கும். கடையின் வாடகையும் அடங்கும். அத்தோலைப் பதனிட்டபோது பாழான வயலைத் திருத்தும் செலவு அதில் அடங்குமா? அடங்க வேண்டுமென்பதே நேர்மை.

பாலாற்றுப் பகுதியில் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்குப் பெயர்பெற்றவை. தோல் அழுகாதிருக்க முதலில் உப்பிட்டு வைப்பர். பதனிடுமுன் அவ்வுப்பைக் கழுவிப் போக்குவர். கழுவிய நீர் பல்லாண்டுகள் தூய்மை செய்யப்பெறாமலே வயல்களிலும் ஆற்றிலும் கலந்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் கணக்கினை, உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அளித்த தீர்ப்பில் எடுத்துக்காட்டியது.

உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பற்றிக்கொள்ளும். பற்றவே, திரண்டிருந்த துகள்கள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். மழை பெய்தால் நீர் உள்ளிறங்காது. வெயில் காய்ந்தால் நிலம் ஓடுபோல் இறுகும். இதனையே உழவர் களர் என்பர். இந்நோய்க்குக் கல்லே மருந்து. ஜிப்சம் என்னும் அக்கனிமத்தைச் சித்த மருத்துவர் கற்பூர சிலாசத்து என வழங்குவர். அதனைப் பொடித்து வயலிலிட்டு, வரப்பை உயர்த்தி நல்ல நீரைத் தேக்கினால், அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கி அவ்விடத்தில் தான் அமரும். விலகிய சோடியம் நீரிற் கரைந்து வடிகால் வழியே வெளியேறும். மண் மீண்டும் பொலபொலப்பாகும். வடிகால் இல்லையேல் மருந்திட்டும் பயனில்லை.

எல்லா நோய்க்கும் இம்மருந்து ஆகாது. குரோமியத்தில் நீரோடு எளிதிற் பரவும் கொடிய வகை ஒன்றுண்டு. அதனைக் கொடுமை குறைந்த, எளிதிற் கரையாத வகையாக மாற்ற வல்லது அன்னபேதி என்னும் இரும்பு உப்பு. இதுவும் சித்த மருத்துவர் அறிந்த சரக்கே!

தோல் தொழில் பல்லாயிரவர்க்குச் சோறளிக்கின்றது, அயல்நாட்டுச் செலாவணியும் ஈட்டுகின்றது. ஆதலின் மண்ணைத் திருத்தும் சுமையை அதன்மேல் ஏற்றலாகாது என்பாரும் உளர். அவர் கூற்றின் முற்பகுதி உண்மையே. ஆனால் அங்கு ஏற்றாத சுமை மறைந்துவிடுவதில்லை. உழவன் தலையில் இறங்குகின்றது. ஜிப்சத்தை அவன் எப்படியேனும் வாங்கிவிடலாம். கிணறே உவர்த்துப்போனபின், களரைக் கழுவும் நல்ல நீருக்கு எங்கே போவான்? மாசு செய்தவரே இழப்பீட்டையும் நிலத்தைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது இதனாலன்றோ!

மருந்திட்ட வயலுக்கு மீண்டும் உப்புநீர் வருமாயின் இட்டதெல்லாம் வீணே. ஆகவே உப்பை அதன் தொடக்கத்திலேயே தடுத்தல் வேண்டும். சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், பதனிடுதலில் உப்பையும் நீரையும் குறைக்கும் முறைகளை ஆராய்ந்து வருகின்றது. தோலை ஊறவைக்குமுன் மரச்சட்டத்தின்மேல் அடித்து உதறினாலே, உப்பின் ஒரு பகுதி உலர்ந்த பொடியாகக் கீழே உதிர்ந்துவிடும். அதனைக் கூட்டி அள்ளிவிடலாம். அவ்வளவு உப்பு வயலுக்குப் போவதில்லை.