வட்டிக்காரருக்குத் தெரிந்த விலாசம் வங்கிக்குத் தெரியாதா?



சித்தூரிலும் திருப்பதியிலும் இட்லிக்கடை, பூக்கடை, பழவண்டி, இஸ்திரி வண்டி வைத்துப் பிழைக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கைமுதல் இல்லாமல் ஒரு நாள்கூட நகராது. அந்த முதலை யார் தருகிறார்கள்? தண்டல்காரர் தருகிறார். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 கொடுக்கிறார். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று நினைக்கிறோம். அசல் தினமும் குறைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டுக்கு நூற்றுக்கு 120 வட்டி!

வங்கிக்குப் போனால், "ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருக்கிறதே, உள்ளூர் விலாசம் எங்கே?" என்கிறார்கள். தினம் வசூலுக்கு வருகிறவருக்குத் தெரிந்த நம் வாசல் வங்கிக்கு மட்டும் தெரியாமற்போனது எப்படி?

குழுக்கடன் கம்பெனிகள் வந்தால் விடிவு வரும் என்றார்கள். வந்தது என்ன? 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். கம்பெனி பங்குச் சந்தையில் ஏறி, சுமார் 1,600 கோடி ரூபாய்க்குப் பங்கு விற்றது. அதே ஆண்டு ஆந்திரத்தில் கடன்பட்டவர்களின் தற்கொலைச் செய்திகள் குவிந்தன. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் கம்பெனிகள் கடனை நிறுத்தியபோது அந்த இடத்தில் வங்கி வந்து நிற்கவில்லை. தண்டல்காரரே நின்றார்! 2022இல் ரிசர்வ் வங்கி, குழுக்கடன் கம்பெனிகளுக்கான வட்டி உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. 2023இல் தெலங்கானா உயர்நீதிமன்றம், ரிசர்வ் வங்கியில் பதிவான கம்பெனிகளுக்கு அந்த மாநிலச் சட்டம் பொருந்தாது என்றது.

அப்படியானால் நமக்கு வழியே இல்லையா? இருக்கிறது. 2020இல் தொடங்கிய ஸ்வநிதித் திட்டத்தில் தெருவோர வியாபாரிக்கு ஈடு இல்லாமல் வங்கிக் கடன் உண்டு. முதல் தவணைக் கடன் 10,000 ஆக இருந்தது. 2025இல் 15,000 ஆக உயர்ந்தது. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். இதற்கு வேண்டியது நகராட்சி தரும் வியாபாரிச் சான்று அல்லது பரிந்துரைக் கடிதம்.

2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம், இங்கே வியாபாரம் செய்கிறாயா என்று கேட்கிறது. எந்த மாநிலத்தில் பிறந்தாய் என்று கேட்கவில்லை. நகர வியாபாரக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கே என்கிறது. அந்த நாற்காலிகளில் நம்மவர் எத்தனை பேர்?

தனித்தனியாகப் போனால் விரட்டுவார்கள். கணக்கெடுப்பில் ஒரு வண்டியும் விடுபடாமல் பட்டியல் எடுப்போம். சான்று கேட்டு ஒன்றாகப் போவோம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்போம். தெலுங்கு பேசும் வண்டிக்காரரும் அதே தண்டல்காரருக்குத்தான் கட்டுகிறார். அவரையும் உடன் அழைப்போம்.

நாம் கேட்பது தர்மம் அல்ல. வட்டியோடு திருப்பித் தரும் கடன். நம் உரிமை!