சக்கரம் வைத்த ஃபிரிஜ்

எங்கள் வீட்டில் மூன்று விஷயங்களைப் பற்றிப் பேசத் தடை. என் வருமானம், என் மச்சினனின் வருமானம், நான் வாங்கிய எலெக்ட்ரிக் கார்.

செகண்ட் ஹாண்டில்தான் வாங்கினேன். பெட்ரோல் செலவு மிச்சம், புகை கிடையாது, பூமி பிழைக்கும் என்று மாமனாரிடம் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓஹோ, ஸ்டேஷன் பிளாட்பாரத்துல வயசானவங்களை ஏத்திட்டுப் போவாங்களே, அந்த பேட்டரி வண்டி" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் பனிப்போர்.

பனி என்று சொல்வதுகூடத் தப்பு. போன மே மாதம், அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த அதே வாரம், காரில் ஏ.ஸி. படுத்துவிட்டது.

வேறு சமயமாக இருந்தால் ஜன்னலை இறக்கிவிட்டுச் சமாளித்திருப்பேன். ஆனால் மனைவிக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டில் வளைகாப்பு. முடிந்த கையோடு விழுப்புரம், பிறந்த வீட்டுக்குப் பயணம். கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர். மாமனார் போன் பண்ணினார். "நீங்க சிரமப்படாதீங்க மாப்பிள்ளை. நான் ஒரு நல்ல வண்டியாப் பேசிடறேன்." அந்த 'நல்ல'வில் இருந்த அழுத்தத்தை அச்சில் காட்ட முடியாது.

ஸர்வீஸ் சென்டரில் ஒரு இளைஞர் லாப்டாப்பைச் செருகிப் பார்த்து, "கம்ப்ரஸர் மாத்தணும் ஸார்" என்று எஸ்டிமேட்டை நீட்டினார். அந்தத் தொகையை இந்தப் பத்திரிகை எனக்குத் தரும் சன்மானத்தால் வகுத்துப் பார்த்தேன் (பி.காம். படித்ததால் விளைந்த ஒரே பயன்). 52 வந்தது. அதாவது, ஒரு முழு வருஷம் வாராவாரம் கம்ப்ரஸருக்காகவே எழுத வேண்டும்.

இத்தனைக்கும் மார்ச்சில்தான் தெருமுனைக் கடையில் கேஸ் நிரப்பியிருந்தேன். மூன்று வாரம் ஊட்டி. அப்புறம் வேலூர்.

ஆகவே, நானே ரிப்பேர் செய்வது என்று முடிவெடுத்தேன். போனில் ஒரு வெள்ளைக்காரர் பத்தே நிமிஷத்தில், சட்டை கசங்காமல், கேஸ் நிரப்பிக் காட்டினார். ஆன்லைனில் 450 கிராம் கேஸ் டப்பா இரண்டு, மீட்டர் வைத்த ஹோஸ் ஒன்று, கூடவே 'ஏ.ஸி. ஆயில்' என்று ஒரு குட்டி பாட்டில் வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பாதுகாப்புக்காக பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பானெட்டைத் திறந்து, பாட்டில் மூடியைத் திருகினேன்.

"தம்பி, அது என்ன எண்ணெய்?"

கீழ் போர்ஷன் பாய். நாற்பது வருஷம் ஃபிரிஜ்ஜும் ஏ.ஸி.யும் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். கையில் பால் பாக்கெட்டோடு நின்றார்.

"ஏ.ஸி. ஆயில் பாய். கார் ஏ.ஸி.க்குன்னே போட்டிருக்கு."

வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு லேபிளைப் படித்தார். "இதை ஊத்திட்டீங்களா?"

"இனிமேதான்."

"அல்லா காப்பாத்தினான்" என்று மூடியைத் திரும்ப இறுக்கினார்.

அவர் சொன்னது இது. பெட்ரோல் காரில் கம்ப்ரஸரைச் சுற்றுவது இன்ஜின். வெளியிலிருந்து பெல்ட் போட்டு இழுக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய்க்கு வழுவழுவென்று இருப்பது மட்டும்தான் உத்தியோகம். எலெக்ட்ரிக் காரில் பெல்ட் கிடையாது. கம்ப்ரஸருக்கு உள்ளேயே மோட்டார். அது அந்த கேஸிலும் எண்ணெயிலும் நனைந்துகொண்டேதான் ஓடும். என் வண்டியில் அதற்கு வருவது முந்நூறு வோல்ட்டுக்கும் மேல். ஆக, எண்ணெய்க்கு இரண்டு வேலை. வழுக்கவும் வேண்டும், கரண்ட்டைக் கடத்தாமலும் இருக்க வேண்டும். அதற்கென்று பி.ஓ.இ. என்று ஓர் எண்ணெய். நான் வாங்கியது பி.ஏ.ஜி., பெட்ரோல் வண்டிகளில் போடுவது. அது கொஞ்சம் கலந்தாலே காப்பு குறைந்துவிடும். பிறகு வண்டியே பயந்துபோய் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும். அப்போது நிஜமாகவே கம்ப்ரஸர் மாற்ற வேண்டியதுதான்.

"இது காரே இல்ல தம்பி. சக்கரம் வச்ச ஃபிரிஜ்ஜு. ஃபிரிஜ்லயும் மோட்டார் உள்ளதான் இருக்கு."

மாமனார் வைத்த பேருக்கு இது எவ்வளவோ தேவலை என்று எனக்குப் பட்டது.

"அந்த ஆரஞ்சு ஒயரை மட்டும் தொடாதீங்க. நானும் தொட மாட்டேன். அதுக்குப் படிச்சவன், அதுக்குன்னு க்ளவுஸ் வச்சிருக்கிறவன்தான் தொடணும்."

"சரி பாய். போன தடவை போட்ட கேஸ் தீர்ந்துடுச்சு போல. அதை மட்டும் நிரப்பிடலாமா?"

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தீர்றதுக்கு அது என்ன பெட்ரோலா? கேஸ் தீராது தம்பி. ஒழுகும்."

எனக்குப் பொறி தட்டியது. நான் இதுவரை கேஸைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். அது மூலதனம்! திரவமாகி, ஆவியாகி, மறுபடி திரவமாகி, உள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. செலவு குறையலாம், ஏறலாம். மூலதனம் குறைந்தால், யாரோ கல்லாவில் கை வைக்கிறான் என்று அர்த்தம். ஆளைப் பிடிக்காமல் மேலும் மேலும் பணம் போடுகிற முதலாளியைத்தான் நம் ஊரில் திவால் என்கிறோம்.

பாய் உள்ளே போய் அவருடைய பழைய சாமான்களை எடுத்து வந்தார். முதலில் மிச்சம் இருந்த கேஸை ஒரு காலி சிலிண்டருக்கு இழுத்தார். "காத்துல விட்டுட்டா நிமிஷத்துல முடியுமே பாய்?"

"விடக் கூடாது தம்பி. பாவம்."

பாவத்தின் அளவை ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆர்-134ஏ என்கிற இந்த கேஸ் ஒரு கிலோ, நூறு வருஷக் கணக்கில், சுமார் 1,300 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். அரை கிலோ என்றால் 650. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. ஆக, ஒரு தடவை முழுசாக ஒழுகவிட்டால், ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. பூமியைக் காப்பாற்ற வண்டி வாங்கியவன் நான். இதை மாமனாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து, பைப்புகளில் நைட்ரஜனை ஏற்றினார். என்னை மேலே அனுப்பிப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தடவினோம். கல்லடி படுகிற முன்பக்க கண்டென்ஸர், சுத்தம். ரப்பர் வளையங்கள், சுத்தம். கடைசியில், கேஸ் நிரப்புகிற வாயிலேயே, குழந்தை எச்சிலில் விடுமே அந்த மாதிரி ஒரு முட்டை, மெதுவாகப் பெரிதாகி, டப்பென்று உடைந்தது.

"இதோ இருக்கார் உங்க ஆளு."

சைக்கிள் ட்யூபில் இருக்குமே, அந்த ஜாதி வால்வு. (ஆனால் ட்யூப் வால்வையே எடுத்துப் போட்டுவிடக் கூடாது. இதன் ரப்பர் வேறு.) அதன் மேல் இருக்க வேண்டிய மூடியையும் காணோம். மார்ச்சில் கேஸ் போட்டவர் திரும்ப மாட்ட மறந்திருக்கிறார். பாய் தன் பெட்டியைக் கிளறிப் பொருத்தமான வால்வும் மூடியும் எடுத்தார். விலை முப்பது ரூபாய்.

அப்புறம் வாக்குவம் பம்ப். முக்கால் மணி நேரம். காற்றை உறிஞ்சிவிட்டால், பைப்புக்குள் ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரணச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். பம்ப்பை நிறுத்தி, முள் நகர்கிறதா என்று இன்னொரு அரை மணி காத்திருந்தோம். முள் அசையவில்லை. வீடியோ வெள்ளைக்காரர் இந்தப் பகுதியை மொத்தமாகவே விட்டுவிட்டார்.

"மீட்டர் வாங்கியிருக்கேன் பாய். பிரஷர் பார்த்துப் போட்டுடலாமே?"

"பிரஷரை வச்சு கேஸை அளக்கிறது, குரலை வச்சு ஆளோட எடையைச் சொல்ற மாதிரி."

நிறுத்தி வைத்த வண்டியில் கொஞ்சமாவது திரவம் இருக்கிற வரை, பிரஷர் வெயிலைப் பொறுத்தது, அளவைப் பொறுத்ததல்ல. 35 டிகிரியில் 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் முள் ஏறத்தாழ 115-லேயே நிற்கும். குறைந்தாலும் குளிராது, கூடினாலும் குளிராது. எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். பானெட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் 480 கிராம் என்ற எடையும் இருந்தன. (புது வண்டிகள் சிலவற்றில் கேஸே வேறு. படிக்காமல் ஏற்றாதீர்கள்.) மனைவி கேக் மாவு நிறுக்கும் தராசு கீழே இறங்கியது. முதல் டப்பா முழுசாக, இரண்டாவதில் 30 கிராம்.

"வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஸ்டார்ட் ஆயிடுச்சு பாய்."

"சத்தமே வரலையே! இதான் ஆபத்து. ஓடுதா இல்லையான்னு தெரியாம கையை விட்டுடுவோம்."

சொல்லி வாய் மூடுவதற்குள் முன்னால் இருந்த ஃபேன் விர்ரென்று சுற்றியது. இருவரும் இரண்டடி பின்னால் குதித்தோம். பாய் தன் தெர்மாமீட்டரை ஜன்னல் வழியே காற்று வரும் இடத்தில் செருகினார். 30. 22. 14. எட்டு டிகிரியில் நின்றது.

எவ்வளவு தரட்டும் என்று கேட்டேன். முப்பது ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, "பொண்ணு புள்ள பெத்து நல்லபடியா வரட்டும். அன்னிக்கு சர்க்கரை குடுங்க, போதும்" என்றார். பால் பாக்கெட் எங்கே என்று தேடினோம். பேட்டரி மேல் இருந்தது. தயிராகிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, கை நிறைய வளையலோடு மனைவி பின்சீட்டில். மாமனார் முன்சீட்டில், வேண்டா வெறுப்பாக. தாம்பரம் தாண்டும்வரை பேசவில்லை. செங்கல்பட்டில் துண்டை எடுத்துத் தோளில் போர்த்தினார். மதுராந்தகத்தில் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்பிள்ளை..."

"சொல்லுங்க மாமா."

"அந்த ஏ.ஸி.யைக் கொஞ்சம் குறைச்சு வைங்களேன். குளிருது."