பல்லியும் பள்ளியும்

“பள்ளிக்குப் போனேன்” என்பதற்குப் பதிலாகக் குழந்தை “பல்லிக்குப் போனேன்” என்று சொன்னால் வீடே சிரிக்கிறது. பாவம், நாக்கு கொஞ்சம் இடம் தவறியதுதான் அதன் குற்றம்! ‘ல’ சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள ஈறைத் தொடுகிறது. ‘ள’ சொல்லும்போது பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. இரண்டிலும் மூச்சு நாக்கின் பக்கவாட்டில்தான் வழிந்து வருகிறது.

சிரித்தவர்களுக்கு ஒரு பரீட்சை. ‘ல’ சொல்வதுபோல் நாக்கை வைத்துக்கொள்ளுங்கள். குரல் எழுப்பாமல், நாக்கின் ஓரமாகக் காற்றை மட்டும் ஊதுங்கள். ‘புஸ்’ஸென்று வருகிறதல்லவா? பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டு மொழியில் இது ஒரு தனி எழுத்து! பக்கத்திலிருக்கும் ஆங்கிலேயருக்கே இது லேசில் வராது. ‘லுவெலின்’ என்ற அந்நாட்டுப் பெயர், ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் ‘ஃப்ளூயெலன்’ ஆகிவிட்டது. ‘லாயிட்’ என்ற பெயரும் வேற்று வாய்களில் ‘ஃப்ளாயிட்’ ஆகி, அப்படியே நிலைத்தும் விட்டது.

பெரியவர்கள் நாக்கு தடுமாறினால் அது சரித்திரம். குழந்தையின் நாக்கு தடுமாறினால் மட்டும் கேலியா? வேண்டாம், தாய்மார்களே! குழந்தையை எதிரே உட்கார வைத்து, வாயைத் திறந்து, நாக்கு வளைவதைக் காட்டுங்கள். ‘பல்லி’ தானாகவே ‘பள்ளி’க்குப் போய்ச் சேரும்.