செஞ்சி பஸ்சுக்கு யார் பணம் கொடுப்பது?
58 காசு கட்டணமும் தீராத நஷ்டமும்

ராஜா தேசிங்கு ஆண்ட செஞ்சியில் ரெயில் நிலையம் கிடையாது. திண்டிவனத்தில் இருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரெயில் விடும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. ரெயில்தான் வரவில்லை. இந்த ஊருக்கு எல்லாமே பஸ்தான்.

மணிலா மூட்டையோடு கமிட்டிக்கு வரும் விவசாயி, கல்லூரி மாணவி, அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மனைத் தரிசிக்கப் போகும் குடும்பம், அத்தனை பேரும் பஸ்சைத்தான் நம்பி இருக்கிறார்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. அதைப் பார்க்க வருகிறவர்களும் பஸ் ஏறியே வர வேண்டும்.

அந்தப் பஸ்சை ஓட்டும் அரசு போக்குவரத்துக் கழகம் கடனில் தத்தளிக்கிறது!

பிறந்த கதை

1972-ம் ஆண்டு பல்லவன், சேரன், பாண்டியன், சோழன் என்று அரசு பஸ் கழகங்கள் தோன்றின. விழுப்புரத்தில் 1975-ல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. செஞ்சி அதைச் சேர்ந்தது. பஸ் கழகத்துக்குப் பெயர் சூட்டுவதில் மூண்ட கலவரத்தால், 1997-ல் எல்லாப் பெயர்களும் எடுக்கப்பட்டன. இப்போது ஒரே பெயர், தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம். பெயர் போயிற்று, நஷ்டம் போகவில்லை.

ஒரு நடைக் கணக்கு

செஞ்சியில் இருந்து திண்டிவனம் சுமார் 28 கிலோமீட்டர். சாதாரண பஸ்சுக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு கட்டணம். 2018-ல் நிர்ணயித்தது இது. 50 பேர் உட்கார்ந்து, 50 பேரும் கடைசி வரை போனால் 812 ரூபாய் வசூலாகும்.

டீசல் எவ்வளவு? லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் 92 ரூபாய் என்ற 2025-ம் ஆண்டு விலையில், டீசலுக்கு மட்டும் சுமார் 515 ரூபாய் ஆகிவிடும். மீதி 300 ரூபாயில் டிரைவர் சம்பளம், கண்டக்டர் சம்பளம், டயர், ரிப்பேர், கடனுக்கு வட்டி, ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன், எல்லாம் நடக்க வேண்டும்.

பாதி இருக்கை காலியாக இருந்தால்? வசூல் 406 ரூபாய். டீசலுக்கே போதாது!

2021 ஆகஸ்டில் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஒரு கணக்குச் சொன்னது. அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டமாம். அது கொரோனா காலத்து அறிக்கை என்பதையும் மறக்கக் கூடாது.

தள்ளிப் போட்ட வினை

2011 நவம்பரில் கட்டணம் உயர்ந்தது. அதன் பிறகு ஆறு ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. 2018 ஜனவரியில் ஒரே அடியாக 42 காசு 60 காசாயிற்று. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு வாரத்தில் இரண்டு காசு குறைத்தார்கள். அப்போது 66 ரூபாய் அளவில் இருந்த டீசல் பிறகு 90-ஐத் தாண்டியும், 2025 வரை கட்டணம் அசையவில்லை. ஓட்டுப் பயம்தான் காரணம் என்பது ஊருக்கே தெரியும். ஆண்டுக்கு ஓரிரண்டு காசாக ஏற்றியிருந்தால் ஜனங்களுக்கும் வலித்திருக்காது.

பெண்கள் மீது பழி

"பெண்களுக்கு இலவசம் கொடுத்ததால்தான் நஷ்டம்" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். இது சரியல்ல. சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்ற உத்தரவு 2021 மே மாதம் வந்தது. நஷ்டமோ அதற்குப் பல ஆண்டு மூத்தது. அந்த டிக்கெட்டுக்கான பணத்தை அரசாங்கம் கழகத்துக்குக் கொடுக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கிய தொகை 3,600 கோடி ரூபாய். இந்தப் பணம் உண்மைச் செலவுக்கு ஈடாகிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

தனியார் பஸ்காரர் கூட்டம் உள்ள தடத்தில் ஓட்டுவார். பத்துப் பேர் ஏறும் குக்கிராமத்துக்குப் போவது பெரும்பாலும் அரசு பஸ். லாபம் வராத அந்தத் தடத்துக்குக் கழகம் கடன் வாங்கி டீசல் போடுவது என்ன நியாயம்? அரசாங்கம் அல்லவா கொடுக்க வேண்டும்!

வயிற்றில் விழுந்த அடி

பணமுடையின் சுமை தொழிலாளர் தலையில் விழுந்தது. சம்பளத்தில் பிடித்த சேமநிதியைக் கூடக் கழகங்கள் செலவுக்கு எடுத்துக்கொண்டன என்று சங்கங்கள் குறை கூறின. 2018 ஜனவரியிலும், 2024 ஜனவரியிலும் வேலைநிறுத்தம் நடந்தது. ஓய்வு பெற்றவர்கள் அகவிலைப்படிக்காகக் கோர்ட்டுப் படி ஏறினார்கள். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைக்கு இந்தக் கதி!

கரண்ட் பஸ்

2025 ஜூன் 30-ந் தேதி சென்னையில் 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. பஸ்சும் டிரைவரும் தனியார் கம்பெனியைச் சேர்ந்தது. கண்டக்டர் மட்டும் கழகத்துக்காரர். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கழகம் பணம் தருகிறது.

டீசல் செலவு இல்லை. பஸ் வாங்கக் கடனும் இல்லை. ஆனால் கூட்டம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கம்பெனிக்குக் காசு வந்துவிடும். காலி இருக்கையின் நஷ்டம் பழையபடி கழகத்துக்கே. இதே ஏற்பாடு செஞ்சிப் பக்கத்துக் கிராமத் தடங்களுக்கு வந்தால், பத்துப் பேருக்காகப் போகும் அந்தக் கடைசி நடைக்குக் கிலோமீட்டர் பணத்தை யார் எண்ணி வைப்பது என்ற கேள்வி அப்போதும் இருக்கும்.