மரம் அறுக்கும் மிஷினை எல்லோரும் வாங்க வேண்டுமா?

பம்புசெட் சாமான் விற்கிற கடைகளில் இப்போதெல்லாம் மருந்து தெளிக்கும் ஸ்பிரேயருக்குப் பக்கத்திலேயே மரம் அறுக்கும் மிஷினும் வைத்திருக்கிறார்கள். ஸ்பிரேயர் வாங்கப் போன விவசாயி இதன் விலையையும் விசாரிக்கிறார். ஏழெட்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது என்றதும், வீட்டு விறகுக்கும் ஆயிற்று, வரப்பு மரங்களைக் கழிக்கவும் ஆயிற்று என்று வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். இரண்டு வருஷம் கழித்து அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மிஷின் மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கும். செயினில் துரு ஏறியிருக்கும். டாங்கியைத் திறந்தால் பழைய பெட்ரோல் நாற்றம் அடிக்கும். வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து கோடரியால் விறகு பிளந்துகொண்டிருப்பார்.

எங்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் இந்த மிஷின் பரவியதற்குக் காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த அந்தப் புயல், தோப்புகளில் தென்னைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போயிற்று. விழுந்த மரத்தை அப்படியே விட முடியாது. மக்குகிற தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும்; பிறகு அது தப்பி நிற்கிற மரங்களின் குருத்தைத் துளைக்கும். ஆகவே மரங்களைத் துண்டு போட்டு அப்புறப்படுத்த வேண்டிய அவசரம். வெளி மாவட்டங்களிலிருந்து மிஷின்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கேட்ட கூலியைக் கொடுத்தோம். "நம்மிடமே ஒரு மிஷின் இருந்திருந்தால்" என்று அன்றைக்கு நினைக்காதவர் இல்லை. அந்த நினைப்பில் வாங்கியவைதான் இன்று சுவர்களில் தொங்குகின்றவற்றில் பல.

இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி தனக்கென்று தனியாக இந்த மிஷினை வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அவருக்கு வருஷத்தில் எத்தனை நாள் வேலை இருக்கிறது? தோப்பு உள்ள வீடுகளில் அடுப்பு எரிவதே மட்டையிலும் பாளையிலும்தான். அதற்கு அரிவாள் போதும். பட்டுப்போன தென்னை ஒன்றிரண்டு, வரப்பில் நிற்கிற வாகை, பூவரசு, ஒதியன் கிளைகள், புறம்போக்கை ஒட்டி வளர்ந்துவிட்ட சீமைக்கருவேல் என்று எல்லாம் சேர்த்தாலும் மூன்று நாள் வேலைக்கு மேல் தேறாது. மீதி நாளெல்லாம் மிஷின் சும்மா கிடக்கும். இந்த மிஷின் ஓடித் தேய்வதைவிடச் சும்மா கிடந்து கெடுவது அதிகம்.

சவுக்கு போட்டிருப்பவர்கள், விறகு வெட்டி விற்பதையே ஒரு வருமானமாக வைத்திருப்பவர்கள் விஷயம் வேறு. அவர்கள் வாங்கலாம். கோடரியால் அடிமரத்தை வெட்டும்போது இரு பக்கமும் சாய்வாகக் கொத்தி எடுக்கிற சிராய் எடையில் குறைவு. ரம்பம் விரற்கடைக்கும் குறைவான அகலத்தில் அறுத்துவிடுகிறது; தரையை ஒட்டியும் அறுக்கலாம். டன் கணக்கில் விற்பவருக்கு இது கண்கூடான லாபம். ஆனால் சீமைக்கருவேலை ஒழிப்பதற்கென்று இந்த மிஷினை வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். மேலே அறுத்தால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளைகளாகத் தழைத்து வரும். விறகு வேண்டுமானால் அது நல்லதுதான். நிலம் வேண்டுமானால் வேரோடு தோண்டித்தான் ஆக வேண்டும்.

சேர்ந்து வாங்கலாமே என்பார்கள். நாங்களும் 2019-ல் பங்காளிகள் ஐந்து பேர் சேர்ந்து வாங்கினோம். முதல் வருஷம் நன்றாகத்தான் ஓடியது. அடுத்த வருஷம் எங்களில் ஒருவர் வீட்டுக்கு வேலைக்கு வந்த பையன் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிவிட்டான். சற்று நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ரிப்பேர் கூலி மிஷின் விலையில் ஏறக்குறையப் பாதி. யார் கொடுப்பது என்பதில் இரண்டு பொங்கலுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். மிஷின் ஒருவர் பொறுப்பில்தான் இருக்கும். அவர் கையைத் தவிர வேறு கை அதைத் தொடக் கூடாது. யாருக்கு வேலை இருந்தாலும் அவரே வந்து அறுத்துக் கொடுப்பார். பெட்ரோல், ஆயில் செலவும், அவருக்கு ஒரு நாள் கூலியும், அடுத்த செயின் வாங்குவதற்கென்று ஒரு தொகையும் கொடுத்துவிட வேண்டும். பங்காளியானாலும் இதில் தள்ளுபடி கிடையாது. இன்றுவரை அந்த மிஷின் ஓடுகிறது. டிராக்டர் வாடகைக்கு விடுகிற கூட்டுறவு சங்கங்களும் இப்படி ஆளோடு சேர்த்து ஒரு மிஷினை வைத்திருந்தால் சிறு விவசாயிக்கு மிகவும் சௌகரியமாயிருக்கும். மிஷினை மட்டும் கொடுத்தனுப்புகிற வாடகை இதற்கு உதவாது.

ஒருவர் கை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அரம். எஞ்சின் மரத்தை அறுப்பதில்லை. செயினில் உள்ள பற்கள்தான் அறுக்கின்றன. அந்தப் பல்லின் அமைப்பே ஒரு புழுவிடமிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவேலைக்காரர் 1946-ல் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது, அடிக்கட்டைக்குள் ஒரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டு போவதைப் பார்த்தார். அதன் தாடையைப் போலவே வளைந்த பற்களை இடம், வலம் மாறி மாறி வைத்துச் செயின் செய்தார். இன்று கடையில் விற்கிற செயின்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே. தென்னை விவசாயிக்கு வண்டின் புழு என்றாலே வயிறு எரியும். இந்த ஒரு புழுவுக்கு மட்டும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பல் கூராக இருந்தால் மரத்தைச் சீவிச் செதிளாகத் தள்ளும். மழுங்கிவிட்டால் மாவாகக் கொட்டும். மாவு கொட்டத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலோர் அப்போதுதான் மிஷினை மரத்தின் மேல் பலமாக அழுத்துகிறார்கள். எஞ்சின் சூடேறுகிறது, பார் என்கிற தகடு தேய்கிறது, பெட்ரோல் வீணாகிறது. தரையில் ஒரு நொடி உரசினாலே பல் போய்விடும். மண் அப்பிய தென்னந்தண்டும், வேலிக் கம்பியின் ஆணி புதைந்த மரமும் அப்படியே. தென்னையில் நடுப்பாகம் மிருதுவாக இருந்தாலும் வெளிவட்டம் இரும்புபோல் இருக்கும். மண்ணைச் சுரண்டிவிட்டு அறுப்பது நல்லது. கருவேலைப் பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டுக் காயவைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்தபின் அறுத்தால் செயினுக்குக் கேடு.

அரம் பிடிப்பது பெரிய வித்தையல்ல, பொறுமைதான் வேண்டும். செயினுக்கேற்ற உருட்டு அரம் வாங்க வேண்டும். சிறிய செயினுக்கு 4 மி.மீ., நடுத்தரச் செயினுக்கு 4.8 மி.மீ. என்று அளவு உண்டு. பழைய செயினைக் காட்டிக் கேட்டால் கடைக்காரர் கொடுப்பார். பல்லின் மேல்தகட்டில் பெரும்பாலும் 30 டிகிரி சாய்வு இருக்கும். அந்தச் சாய்வு மாறாமல், உள்ளிருந்து வெளியே ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். திரும்பி இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரம்பம் ஒரு பக்கமாக வளைந்து போகும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறிய மேடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அதுதான் நிர்ணயிக்கிறது. பல்லைவிட அது அரை மில்லி மீட்டரைச் சற்றே தாண்டித் தாழ்ந்திருக்க வேண்டும். நாலைந்து தடவை தீட்டியபின் அதையும் தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்க வேண்டும். அதிகமாக இறக்கினால் மிஷின் கைக்கு அடங்காமல் துள்ளும். டாங்கிக்குப் பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளு என்று பழகிக்கொண்டவர்க்கு செயின் நெடுநாள் உழைக்கும்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். இது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி மாதிரிதான். பெட்ரோலிலேயே டூ-டி ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று புத்தகத்தில் போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண் அளவில் ஊற்றாமல் மருந்து அளக்கும் மூடியால் அளந்து ஊற்றுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக் கணக்கில் டாங்கியில் கிடந்தால் கார்புரேட்டர் கெடும், ரப்பர் குழாய்களும் கெடும். வேலை முடிந்ததும் மீதிப் பெட்ரோலை வடித்துவிட்டு, தானாக அணைகிறவரை ஓடவிட்டு வைக்க வேண்டும். சுவரில் தொங்குகிற மிஷின்களில் பலவற்றுக்கு வந்த நோய் இதுதான்.

செயினுக்குத் தனி ஆயில் டாங்கி உண்டு. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அதையும் நிரப்ப வேண்டும். டிராக்டரில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் இரும்புத் தூள் இருக்கும். பம்பு அடைக்கும், பார் தேயும், தோலுக்கும் ஆகாது. ஆயில் வருகிறதா என்று பார்க்க, பாரின் நுனியை ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு நேரே, படாமல் பிடித்து எஞ்சினை உறுமவிட்டால் கோடாகத் தெறிக்கும். செயினைக் கையுறை போட்ட கையால் இழுத்தால் சுற்ற வேண்டும். அதே சமயம் பாரின் அடியில் தொங்கக் கூடாது. வேலை முடிந்ததும் செயினைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கிப் பேரிங்கை இழுக்கும். ஏர் பில்டரைத் தினமும் தட்டுங்கள். செயின் தீட்டும்போது பாரைத் தலைகீழாக மாற்றிப் போட்டால் இரு விளிம்பும் சமமாகத் தேயும்.

இவ்வளவும் மிஷினுக்கு. மனிதனுக்கு என்ன செய்கிறோம்? லுங்கியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, தோளில் துண்டோடு இந்த ரம்பத்தைப் பிடிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு நடுங்குகிறது. முழு வேகத்தில் செயின் நொடிக்கு 60 அடிக்கு மேல் ஓடுகிறது. பாரின் நுனியில் மேல்பாதி ஒரு கட்டையில் பட்டால் போதும், மிஷின் முகத்துக்கு நேரே எகிறும். கை தடுப்பதற்குள் காரியம் நடந்துவிடும். முன் கைப்பிடிக்கு எதிரே இருக்கிற தடுப்புதான் பிரேக். அது உடைந்துவிட்டால் கம்பி போட்டுக் கட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்த மிஷினைத் தொடாதீர்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. மரத்தில் ஏறி நின்று அறுப்பது பழகிய தொழிலாளி வேலை, நம் வேலையல்ல. காலுக்குப் பூட்ஸ், முகத்துக்கு வலை உள்ள தலைக்கவசம், காதுக்கு அடைப்பு, தொடைக்கு வெட்டுத் தாங்கும் உறை ஆகியவற்றின் விலையையும் மிஷின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அது கட்டவில்லையென்றால் மிஷினும் கட்டாது.

புயலில் விழுந்த மரம் நிற்கிற மரத்தைவிடப் பொல்லாதது. இரு முனையும் தாங்கலாகக் கிடக்கிற தண்டை மேலிருந்தே அறுத்தால் நடுவில் பாரைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் இதற்கு நேர்மாறு. வேரோடு பெயர்ந்து கிடக்கும் மரத்தில் தண்டை அறுத்ததும் வேர்க்கட்டை திடீரென்று நிமிர்ந்து பழைய குழியிலேயே உட்காரும். அந்தக் குழியில் சிறு பிள்ளைகள் இறங்கி விளையாடாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள்.

மரம் தன் பட்டாவில் இருக்கிறது என்பதாலேயே எதையும் அறுத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். சந்தனத்துக்கு விதிகள் உண்டு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கிராம நிர்வாக அலுவலரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கோடரிக்காரர்களுக்கு வேலை போய்விடுமே என்று சிலர் கேட்கிறார்கள். துண்டு போடுவதைத்தான் மிஷின் செய்கிறது. பிளப்பது இன்னும் கோடரியும் ஆப்பும்தான். நான் பார்த்தவரையில் நல்ல மிஷின்காரர்கள் நேற்றைய கோடரிக்காரர்களே. மரம் எந்தப் பக்கம் சாயும் என்பது அவர்களுக்குத் தெரியும். சேர்ந்து வாங்குகிறவர்கள் மிஷினை ஒப்படைக்க ஆள் தேடும்போது முதலில் அவர்களைக் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் புரட்டாசிக்குள் அதை இறக்கிவிடுங்கள். பழைய பெட்ரோலை வடித்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, புதுக் கலவை ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். துருவேறிய செயினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தபின் கடைக்கு ஓடினால் செயினும் கிடைக்காது, ரிப்பேர்காரரும் கிடைக்க மாட்டார்.