பட்டாயா போய் பன்னீர் பட்டர் மசாலா

மக்களே, பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, வெளிநாட்டு டூர் சீசன் ஆரம்பிச்சாச்சு. கொஞ்சம் நீளமான த்ரெட் இது. திட்டுறதா இருந்தா முழுசா படிச்சிட்டு திட்டுங்க.

2023 கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம்னு அறிவிச்சதுக்கு அப்புறம், எங்க சோளிங்கர் மாதிரி ஊர்ல இருந்தே குடும்பம் குடும்பமா கிளம்புறாங்க. ஷூ கம்பெனி சூப்பர்வைசர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புக்கு கெமிக்கல் சப்ளை பண்றவர், ரெண்டு வருஷம் சீட்டு கட்டிச் சேர்த்த வாத்தியார் தம்பதி. ரொம்ப சந்தோஷம். என் சண்டை டூர் நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல இருக்கிற ஒரே ஒரு வரியோடதான்: "மூன்று வேளையும் நம்ம ஊர் சாப்பாடு. சமையல்காரர் உடன் வருவார்."

பாதிப் பேர் அந்த வரியைப் பார்த்துத்தான் பணம் கட்டுறாங்க. ஒரு அரசு ஆஸ்பத்திரி டாக்டரா நான் சொல்றேன்: அந்த வரியால உங்க வயித்துக்கும் லாபம் இல்லை, பர்ஸுக்கும் லாபம் இல்லை. போற ஊர்ல அந்த ஊர் ஜனங்க எதை, எந்தக் கடையில, எத்தனை மணிக்கு சாப்பிடுறாங்களோ அதைச் சாப்பிடுங்க.

முதல்ல அந்த "நம்ம ஊர் சாப்பாடு" என்னன்னு பாருங்க. போயிட்டு வந்தவங்க போன்ல காட்டுற போட்டோ எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பன்னீர் பட்டர் மசாலா, நாண், ஜீரா ரைஸ், மஞ்சளா ஒரு தால், கடைசியில குலாப் ஜாமூன். இது எந்த ஊர் சாப்பாடு சார்? சோளிங்கர்ல யார் வீட்டுல தினம் ராத்திரி பன்னீர் பட்டர் மசாலா? மே மாசம் எங்க பக்கத்துல வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது ஜனங்க தேடுறது கேழ்வரகு கூழ், மோர், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு. அந்த வெயிலுக்கு அதுதான் சரின்னு டாக்டர் யாரும் எழுதிக் கொடுக்கலை, ஊரே கண்டுபிடிச்சு வெச்சது. பாங்காக் வெயிலுக்கும் கொழும்பு வெயிலுக்கும் அந்தந்த ஊர்க்காரங்க இதே மாதிரி கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. அதை விட்டுட்டு, நம்ம வீட்டுலயும் சாப்பிடாத, அவங்க ஊர்லயும் சாப்பிடாத ஒண்ணை ஏழு நாள் சாப்பிட்டுட்டு வந்து "டாக்டர், ஒரே நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம்"னு நிக்கிறாங்க.

"இன்னா சார் நீங்க, அங்க தெருவுல சாப்ட்டா வயிறு கெட்டுப்போயிடாதா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. இதுக்குத்தான் இந்த த்ரெட்.

சாப்பாட்டால வர்ற நோய்க்கு நாடு, மதம், மசாலா எதுவும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது சூடும் நேரமும்தான். சமைச்ச சாப்பாடு 60 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், இல்லைன்னா 5 டிகிரிக்குக் கீழ ஃப்ரிட்ஜ்ல இருக்கணும். நடுவுல வெதுவெதுன்னு கிடக்கிற நேரம்தான் கிருமி பெருகுற நேரம். சமைச்சதை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியில வைக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் இதனாலதான்.

இப்போ யோசிங்க. டூர் பஸ் ஏழரைக்கு வரும்னு சொன்னாங்க, டிராஃபிக்ல மாட்டி ஒன்பதுக்கு வருது. பஃபே பாத்திரத்துல சோறும் குருமாவும் ஆறு மணியில இருந்து காத்துக்கிட்டு இருக்கு. அடியில ஒரு சின்ன மெழுகு அடுப்பு. நாப்பது பேர் ஒரே கரண்டியைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறாங்க. பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா உங்க கண் முன்னாடி, தீ பொங்குற வாணலியில ரெண்டு நிமிஷத்துல நூடுல்ஸ் வதக்கித் தட்டுல போட்டுத் தர்றாங்க. இதுல எது சுத்தம்? "நம்மாளு செஞ்சது" என்பது சுத்தத்துக்கான சர்டிஃபிகேட் இல்லைங்க.

சோத்தைப் பத்தித் தனியா சொல்லணும். அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமியோட விதைகள் இருக்கலாம். கொதிக்க வெச்சாலும் அது சாகாது. வடிச்ச சோறு அறைச் சூட்டுல மணிக்கணக்கா கிடந்தா அந்த விதை முளைச்சு நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்ட ஒண்ணுல இருந்து ஆறு மணி நேரத்துல வாந்தி. காலையில ஹோட்டல் ரூம்ல குக்கர் வெச்சு வடிச்சு, லெமன் சாதம் கிளறி, மத்தியானம் ரெண்டு மணிக்கு பஸ்ல டப்பாவைத் திறக்கிறீங்களே, அதைத்தான் சொல்றேன். நம்ம பாட்டிங்க தூரப் பயணத்துக்குப் புளிசோறு கட்டினதுக்குக் காரணம் இருந்தது. புளியோட புளிப்பு கிருமியை அடக்கும். அதுவும் அன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். வாரக் கணக்குக்கு இல்லை.

அடுத்தது சூட்கேஸ். மாங்கா ஊறுகாய் ஒரு பாட்டில், தொக்கு ஒரு பாட்டில், அப்பளம், பருப்புப் பொடி, ரெண்டு டஜன் நூடுல்ஸ் பாக்கெட். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு போதும். பிரஷர் மாத்திரை சாப்பிடுற 58 வயசு மாமா ஒரு வாரம் ஊறுகாயும் நூடுல்ஸுமா ஓட்டிட்டு, திரும்பி வரும்போது ஃபிளைட்ல காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்தா, இறங்கும்போது செருப்பு ஏறாது. ஜூன் மாசம் எங்க ஓபியில இது வாடிக்கை. "அங்க தண்ணி ஒத்துக்கலை டாக்டர்"னு சொல்வாங்க. தண்ணி மேல என்னங்க தப்பு?

இப்போ கசப்பான ஒண்ணு. இந்தப் பயத்துல பாதிதான் வயித்தைப் பத்தினது. மீதி அருவருப்பு. "அவனுங்க பாம்பு தின்னுவானுங்க, பல்லி தின்னுவானுங்க." போகாத ஊரைப் பத்தி யூடியூப்ல பார்த்துட்டுப் பேசுறது. பாங்காக்ல ஒரு சாதாரண ஆள் மத்தியானம் சாப்பிடுறது சோறும் கோழியும் கீரையும் முட்டையும்தான்.

அடுத்தவன் தட்டைப் பார்த்து மூக்கைப் பொத்துறது என்னன்னு இந்தத் தோல் பெல்ட்டுக்குத் தெரியும். தோல் ஷாப்புல இருந்து வேலை முடிஞ்சு பஸ் ஏறினா பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போறதைப் பார்த்த ஜனங்க நாம. 2022 மே மாசம் ஆம்பூர்ல பிரியாணித் திருவிழான்னு திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவிச்சுது. பட்டியல்ல மாட்டு பிரியாணி இல்லை. எதிர்ப்பு வந்தது, எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைச் சொல்லி விழாவே தள்ளிப்போனது. ஒரு தட்டை மேசையில இருந்து எடுத்தா அதைச் சாப்பிடுற ஆளையே எடுத்த மாதிரின்னு அன்னைக்கு எவ்வளவு பேர் பேசினீங்க! அதே வாயால கோலாலம்பூர்ல பக்கத்து டேபிளைப் பார்த்து "சீ"ன்னு சொல்லலாமா? அதுவும் பத்து வயசுப் பிள்ளையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு?

திருப்பிப் பாருங்க. வெளியூர்க்காரர் ஒருத்தர் ஆம்பூர் வந்து சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் வேண்டாம், எனக்கு ராஜ்மா சாவல்தான் வேணும்னு அடம்பிடிச்சா நாம என்ன சொல்வோம்? ஆற்காடு வழியா போயிட்டு மக்கன் பேடா வாங்காம வந்தவரைப் பார்த்து எப்படிச் சிரிப்போம்?

ஒரு விஷயத்துல நான் சண்டைக்கு வரலை. சைவம், ஹலால் ரெண்டும் அவங்கவங்க நம்பிக்கை. அதை விட்டுக்கொடுங்கன்னு சொல்ல நான் யாரு? ஆனா அதுக்காக பஃபேக்குள்ள அடைஞ்சு கிடக்க வேண்டியதில்லை. வாணியம்பாடிக் குடும்பத்துக்கு மலேசியாவுல ஹலால் தேடி அலையற வேலையே இல்லை. தாய்லாந்துலயும் ஹலால் முத்திரை போட்ட கடை நிறைய இருக்கு.

சைவக்காரங்க தாய்லாந்துல "ஜே"ன்னு கேளுங்க. மஞ்சள் துணியில சிவப்பு எழுத்து தொங்கும், பார்க்க 17-ன்னு எழுதின மாதிரி இருக்கும். மீன், முட்டை, பால் மட்டும் இல்லை, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. நம்ம ஊர் ஆச்சாரமான மாமிகளே அசந்துபோவாங்க. வியட்நாம்ல "சாய்"னா சைவம் (டீ இல்லை!). அங்க பௌத்தர்கள் நிறைய பேர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சைவம் சாப்பிடுறவங்க. கேட்டா ரொம்பப் பழகின விஷயம் மாதிரி எடுத்து வைப்பாங்க. இந்த வார்த்தைகளைச் சொல்லாம வெறும் "காய்கறி மட்டும்"னு கேட்டீங்கன்னா மீன் சாஸ் ஊத்தின காய்கறி வரும். அது ஏமாத்து வேலை இல்லை, அவங்களுக்கு மீன் சாஸ் நமக்கு உப்பு மாதிரி.

மலேசியாவுல காலையில நாசி லெமாக். தேங்காய்ப் பால்ல வெந்த சோறு, சம்பல், நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரி, முட்டை, வாழை இலைல மடிச்சுத் தருவாங்க. இதுல எதுங்க நமக்கு அந்நியம்? ராத்திரி மாமாக் கடை. அந்தப் பேரே "மாமா"வுல இருந்து வந்ததுதான், நம்ம தமிழ் முஸ்லிம்கள் போட்ட கடைகள். சிங்கப்பூர்ல ஹாக்கர் சென்டர்: 2020-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது அவங்களோட அந்தச் சாப்பாட்டுக் கூடம்தான், பெரிய ஹோட்டல் எதுவும் இல்லை. அலுவலகம் விட்டு வர்றவங்க எந்தக் கடையில வரிசை கட்டுறாங்களோ அங்க நில்லுங்க. வரிசை இருக்கிற கடையில சாப்பாடு கிடந்து ஆற நேரம் இருக்காது.

உள்ளூர்னா எல்லாமே அமிர்தம்னும் நான் சொல்லலை. வடகிழக்குத் தாய்லாந்துல ஆத்து மீனைப் பச்சையா அரிஞ்சு சாப்பிடுற பழக்கம் உண்டு. அதுல இருக்கிற கல்லீரல் புழுவால பித்தநாளப் புற்றுநோய் வருது, உலகத்துலயே அது அதிகமா இருக்கிற பகுதிகள்ல ஒண்ணு அது. அங்க இருக்கிற டாக்டர்களே வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிறாங்க. பச்சை மீன், பாதி வெந்த சிப்பி, வெட்டி வெச்ச பழம், இந்த மூணும் வேண்டாம். முழுப் பழம் வாங்கி நீங்களே தோல் உரிச்சுச் சாப்பிடுங்க. வேர்க்கடலை அலர்ஜி உள்ள பிள்ளை இருந்தா ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க, அந்தப் பக்கம் பல சமையல்ல கடலை உண்டு.

சர்க்கரைக்காரங்க கவனிங்க. மலேசியாவுல பெரியவங்கள்ல ஏறக்குறைய ஆறுல ஒருத்தருக்குச் சர்க்கரை இருக்கு. அவங்க குடிக்கிற கண்டென்ஸ்டு மில்க் டீயை நாமளும் நாலு வேளை குடிச்சா அதே கதிதான். "தே ஓ கோசோங்"னு கேளுங்க, பாலும் சர்க்கரையும் இல்லாத டீ வரும். மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில இருக்கணும். கீழ சரக்கு அறையில போடுற பெட்டியில வெச்சா இன்சுலின் உறைஞ்சு வீணாகலாம். டூர்ல சாப்பாட்டு நேரம் தள்ளிப்போச்சுன்னா மாத்திரை எப்படிப் போடணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

ரெண்டு டஜன் நூடுல்ஸ் பாக்கெட்டுக்குப் பதிலா பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எடுத்துட்டுப் போங்க. அரசு ஆஸ்பத்திரியில, ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே கிடைக்கும். பெரிய பாக்கெட்டுன்னா ஒரு லிட்டர் தண்ணியில முழுசா கலக்கணும், டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா கலக்காதீங்க. வயித்தால போனா அதைக் குடிங்க. மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாட்டிக் நீங்களா போடாதீங்க. பிள்ளைக்கு வயித்தோட்டத்தை நிறுத்துற மாத்திரை கொடுக்கவே கூடாது. மலத்துல ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் போகாம சோர்ந்து கிடக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். டூர் மேனேஜர்கிட்ட யோசனை கேட்டுட்டு இருக்காதீங்க.

கடைசியா, எல்லாரும் என்கிட்ட சொல்ற அந்த ஒண்ணு: "எங்க அம்மா இருக்காங்களே டாக்டர், அவங்களுக்குக் கஞ்சி இல்லாம முடியாது. அதுக்காகத்தான் சமையல்காரர் வர்ற டூரைப் பார்க்கிறோம்."

இங்கிலீஷ்காரன் "காஞ்ஜி"ன்னு சொல்றானே, அந்த வார்த்தையே நம்ம கஞ்சியில இருந்து போனது. தாய்லாந்துல அது "ஜோக்", மலேசியாவுல "புபுர்", வியட்நாம்ல "சாவ்". இலங்கையில "கொலகெந்த"ன்னு வல்லாரை மாதிரி கீரையை அரைச்சுப் போட்டு, ஒரு துண்டு கருப்பட்டியோட கொடுப்பாங்க. காலையில ஆறு மணிக்கு ஆவி பறக்கத் தெருவுல விப்பாங்க, வாங்குறவங்க பெரும்பாலும் உங்க அம்மா வயசுக்காரங்களாத்தான் இருப்பாங்க. ஹோட்டல் பஃபே திறக்கிறதுக்கு முன்னாடி அம்மாவைக் கையைப் பிடிச்சு அங்க கூட்டிட்டுப் போங்க. பஸ் எட்டரைக்குத்தான் கிளம்பும்.