திறவுகோல் எவர் கையில்?

வீட்டுக்குக் காவல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆனால், காவலின் பெயரால் வீட்டின் ஆட்சியையே பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு, அதனை முன்னேற்றம் என்று மகிழும் மயக்கம் இக்கால் நம்மவரிடையே பரவி வருகின்றது.

மதுரைக்கு மேற்கே, பல்கலைக்கழகத்தை அடுத்து வளர்ந்துள்ள நாகமலை புதுக்கோட்டை போன்ற ஊர்களில் புதுமனை கட்டுவோர் பேச்சில் இன்று மின்னணுப் பூட்டும் இடம்பெறுகின்றது. விரல் வைத்தால் திறக்கும். எண்களை அழுத்தினால் திறக்கும். கடல் கடந்து வாழும் மகன் திறன்பேசி வழியே இங்குள்ள தாயின் கதவைத் திறக்கலாம். இதில் என்ன குறை என்பர்.

குறை கருவியில் இல்லை. அதன் கடிவாளம் எங்கே இருக்கின்றது என்பதில்தான் இருக்கின்றது. இரும்புப் பூட்டுக்கும் அதன் திறவுகோலுக்கும் இடையே மூன்றாமவன் இல்லை. இணையத்தொடு பிணைத்த பூட்டிலோ, உரிமையாளனுக்கும் கதவுக்கும் நடுவில், விற்ற நிறுவனத்தின் கணிப்பொறி நிற்கின்றது. 2017-இல் அமெரிக்க நிறுவனமாகிய இலாக்சுடேட்டு தவறான மென்பொருளை இணைய வழியே அனுப்பியதால், ஏறத்தாழ 500 பூட்டுகளின் எண்பலகைகள் செயலிழந்தன. எந்தத் திருடனும் அங்கு வரவில்லை. பூட்டியவனே செயலற்றுப் போனான்!

நியூயார்க்கு நகர அடுக்ககம் ஒன்றில், வாயிலுக்கு இத்தகைய பூட்டை உரிமையாளர் பொருத்தியபொழுது, குடியிருந்தோர் வழக்குத் தொடுத்தனர். திறன்பேசியைக் கையாள அறியாத முதியவரும், தம் போக்குவரவு பதிவாவதை விரும்பாதோரும் அவர்களுள் இருந்தனர். இறுதியில், 2019-இல், அவர்களுக்கு மாழைத் திறவுகோல் வழங்க உடன்பாடு ஏற்பட்டது. தொழில்நுட்பத்தில் முந்தி நிற்கும் நாட்டு மக்களே திறவுகோலைக் கேட்டுப் பெற்றனர் என்றால், நாம் எண்ணிப் பார்க்க வேண்டாவா?

விரற்பதிவின் நிலையை நம் பங்கீட்டுக் கடைகளே காட்டும். ஏர் பிடித்தும் கல் சுமந்தும் வரிகள் தேய்ந்த விரல்களைப் பொறி அறிந்துகொள்வதில்லை. உழைத்த கையை அறியாத பூட்டு எவருக்காகச் செய்யப்பட்டது? ஊருக்குச் செல்லுங்கால் அண்டை வீட்டாரிடம் திறவுகோலைக் கொடுத்துச் செல்லும் வழக்கமோ, வெறும் காவல் ஏற்பாடன்று. ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்ற வாழ்க்கை முறை. அதனை எந்தப் பொறி ஈடுசெய்யும்?

மேலும், பூட்டுக்கு நாம் அயலாரை நோக்கி நிற்க வேண்டியவரும் அல்லேம். மதுரைக்கு வடக்கே திண்டுக்கல்லில் கொல்லர் கையால் உருவாகும் மாங்காய்ப் பூட்டு நாடறிந்தது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும், அலிகாரிலிருந்து வரும் விலை குறைந்த பொறிவினைப் பூட்டுகளுக்கு முன் அத்தொழில் நலிந்து நிற்கின்றது. குறியீடு பெருமை தரும்; வாங்குவோர் இன்றேல் உலை எரியுமா?

சொல்லுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. தாழ் என்னும் சொல் கோலொடு புணர்ந்து தாழக்கோல் ஆவதற்குத் தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் விதி வகுத்துள்ளது. அத்துணைப் பழமையுடைய சொல்லை வைத்துக்கொண்டு, 'ஸ்மார்ட் லாக்' என்று சொன்னால்தான் கதவு திறக்கும் போலும்! மின்தாழ் என்போம், நா சுளுக்கிக்கொள்ளாது.

புதுமையை வெறுக்கச் சொல்லவில்லை. வேண்டுவோர் மின்தாழ் பொருத்துக. ஆனால் இரும்புத் திறவுகோலாலும் திறக்கக்கூடியதைத் தேர்க. இணையமின்றியும் இயங்குமா என்று கேட்டு வாங்குக. வாடகைக்கு விடுவோர், குடியிருப்போர் விரும்பாத பூட்டை அவர்கள்மேல் சுமத்தாதிருக்க. திண்டுக்கல் தொழிலாளர் இப்புதுக்கலையையும் கற்றுத் தம் பட்டறையிலேயே செய்ய, அரசு பயிற்சியும் முதலும் அளிக்க.

தன் வீட்டுத் திறவுகோலைத் தன் கையில் வைத்திருப்பவனே வீட்டுக்கு உரியவன். மற்றவன், எத்துணை விலை கொடுத்துக் கட்டியிருப்பினும், அவ்வீட்டில் குடியிருப்பவனே!